ஜிப்சம் பூச்சு சொதப்பினால் எதைப் பார்ப்பது, என்ன செய்வது

ஜிப்சம் வேலையில் எது கெட்டுப்போனாலும் முதலில் பொடியைத்தான் திட்டுகிறோம். பெரும்பாலும் பொடிமேல் குற்றமிருக்காது. தண்ணீர் கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும், அல்லது சுவர் அதைக் குடித்திருக்கும். வெளியே போக வேண்டிய தண்ணீர் போகாமல் நின்றிருக்கும். அதுவும் இல்லையென்றால் வரக்கூடாத இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும் என்பதால், வேதியியலை ஒரே ஒரு பத்தியில் சொல்லிவிட்டு அறிகுறிகளுக்கு வருகிறேன்.

ஜிப்சம் என்பது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட். அதன் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் தண்ணீர்தான், படிகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 150 டிகிரி வாக்கில் சுட்டால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுகிற பொடிதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், நாம் பிஓபி என்று சொல்வது. சுவருக்குப் பூசும் ஜிப்சம் பிளாஸ்டரும் அடிப்படையில் இதே சரக்குதான், இறுகுவதைத் தள்ளிப்போடவும் தண்ணீரைப் பிடித்துவைக்கவும் சில சேர்க்கைகள் போட்டிருப்பார்கள். தண்ணீர் ஊற்றியதும் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகம் வளரும், அந்த ஊசிகள் பின்னிக்கொள்வதுதான் இறுகுவது. கணக்குப்படி 10 கிலோ பொடிக்கு 2 லிட்டருக்கும் குறைவான தண்ணீர் போதும். ஆனால் அவ்வளவு கெட்டியாகக் கலந்தால் பூச முடியாது, அதனால் 6, 7 லிட்டர் ஊற்றுகிறோம். மீதி நாலைந்து லிட்டரும் காற்றோடு போயாக வேண்டும். ஆகவே இறுகுவது வேறு, காய்வது வேறு. இறுகுவது நிமிடக் கணக்கு, காய்வது நாள் கணக்கு. இதைக் குழப்பிக்கொண்டதால் வந்த வினைதான் கீழே பாதி.

பூசுவதற்குள் பக்கெட்டிலேயே இறுகிவிடுகிறது

பக்கெட்டின் ஓரத்தைப் பாருங்கள். போன தடவை கலந்தது அங்கே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் காரணம். இறுகிய ஜிப்சத் துணுக்குகள் புதுக் கலவைக்குள் விதைபோல் வேலை செய்யும், அவற்றைச் சுற்றிப் படிகங்கள் அவசர அவசரமாக வளர்ந்துவிடும். கரண்டி, கலக்கும் கம்பி எல்லாவற்றுக்கும் இதேதான். கரண்டி கழுவிய தண்ணீரிலேயே அடுத்த கலவையைப் போடுவது சிக்கனம்போலத் தெரியும், ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க இந்த விதைகள்தான் மிதக்கின்றன. ஒவ்வொரு கலவைக்கும் சுத்தமான பக்கெட், சுத்தமான தண்ணீர். வளையக்கூடிய ரப்பர் பக்கெட்டாக இருந்தால் காய்ந்ததை ஒரு அமுக்கில் உடைத்துக் கொட்டிவிடலாம்.

பக்கெட் சுத்தமாக இருந்தும் அப்படித்தான் என்றால் தண்ணீரில் கைவைத்துப் பாருங்கள், வெயிலில் நின்ற தொட்டித் தண்ணீரின் வெதுவெதுப்பே இறுகுவதை விரைவுபடுத்தும். டிரில்லில் கம்பியை மாட்டி ரொம்ப நேரம் கடைந்தாலும் அப்படித்தான், முளைவிட்ட படிகங்களை உடைத்து உடைத்துப் புது விதைகளைத் தூவுகிறீர்கள். அப்புறம் மூட்டை. ஈரத் தரையில் கிடந்த மூட்டையும், வாய் திறந்து வைத்த மூட்டையும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து உள்ளுக்குள் பாதி இறுகியிருக்கும்.

இறுக ஆரம்பித்த கலவையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் மறுபடி குழைந்து வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னிக்கொண்ட ஊசிகளை உடைத்துவிட்டீர்கள், அவை மறுபடி பின்னிக்கொள்ளாது. பூசும்போது நன்றாகத்தான் இருக்கும், காய்ந்ததும் நகத்தால் சுரண்டினால் வரும். அப்படி ஆனதைக் கொட்டிவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். வெறும் பிஓபியைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போதும். கூடினால் வலிமை போய்விடும் என்பதால் முதலில் கிண்ணத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மணிக்கணக்காகியும் இறுகவில்லை

தண்ணீர் அதிகம், அல்லது தாமதப்படுத்தும் சரக்கு அதிகம், அல்லது பொடி காலாவதி. இவை மூன்றும் இல்லையென்றால் நீங்கள் வாங்கியது பிளாஸ்டரே இல்லாமல் இருக்கலாம். வயலுக்குப் போடுகிற ஜிப்சம் சுடாத கல்லை அரைத்த பொடி. அதற்குத் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதையும் எடுத்துக்கொள்ளாது, நாள் முழுக்கக் காத்திருந்தாலும் சேறாகவே கிடக்கும். பார்க்க இரண்டும் ஒரே வெள்ளை, பெயரும் ஒன்று, விலை மட்டும் குறைவு, அதனால் ஏமாறுவது சுலபம்.

சந்தேகமிருந்தால் ஒரு கிண்ணத்தில் இரண்டு கைப்பிடி பொடியைத் தயிர்ப் பதத்தில் கலந்து வையுங்கள். நல்ல பிளாஸ்டர் இறுகும்போது கிண்ணம் கையில் சூடாகத் தெரியும், பிறகு நகம் இறங்காது. சூடும் இல்லை, கெட்டியும் ஆகவில்லை என்றால் அதைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். வயல் ஜிப்சத்துக்கும் வேலை இருக்கிறது. சோடியம் ஏறி இறுகிப்போன களர் நிலத்தில் அதைப் போட்டால் அதன் கால்சியம் சோடியத்தை மண்துகளிலிருந்து தள்ளிவிடும், வடிகால் இருந்தால் தண்ணீர் விட்டு அதைக் கழுவி வெளியேற்றிவிடலாம். வடிகால் இல்லையென்றால் தள்ளிய சோடியம் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். புளிப்பு மண்ணைச் சரிசெய்ய இதைப் போடுவதும் வீண், அதற்குச் சுண்ணாம்புதான் வேண்டும்.

கட்டி கட்டியாக வருகிறது

பொடியின்மேல் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். மாற்றுங்கள்: தண்ணீர் முதலில், அதன்மேல் பொடியைத் தூவி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் கலக்க வேண்டும். அவ்வளவுதான்.

தட்டினால் காலிச் சத்தம், அல்லது தகடாகக் கழன்று விழுகிறது

இதில்தான் அதிகம் பேர் தப்பான மருந்து போடுகிறார்கள். விழுந்த துண்டைத் தூக்கி எறிவதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள், காரணம் அதன் முதுகில் இருக்கும்.

முதுகு வழவழவென்று, கான்கிரீட்டின் அச்சு அப்படியே படிந்ததுபோல் இருந்தால், பூச்சுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. இரும்புத் தகட்டிலோ பளபளப்பான பிளைவுட்டிலோ வார்த்த கான்கிரீட் அப்படித்தான் இருக்கும், அதோடு பலகை ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெயும் மேலே படிந்திருக்கும். எண்ணெயைக் கழுவி எடுக்காமல் மேலே என்ன போட்டாலும் நிற்காது. கழுவி, கொத்திவிட்டு அல்லது பாண்டிங் ஏஜென்ட் என்கிற ஒட்டுத் திரவத்தை அடித்துத்தான் பூச வேண்டும். பாண்டிங் ஏஜென்ட் பிசுபிசுப்பாக இருக்கும்போதா, காய்ந்த பிறகா என்பது சரக்குக்குச் சரக்கு மாறும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

முதுகு மாவாக உதிர்ந்தால் சுவர் தண்ணீரைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்த செங்கலும், ஏஏசி பிளாக் என்கிற இலேசான கான்கிரீட் கல்லும் பூச்சு இறுகுவதற்குள் அதன் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒட்டும் இடத்தில் படிகம் வளரத் தண்ணீரே மிஞ்சாது. பூசுவதற்கு முன் சுவரை நனைத்து, மேலே பளபளக்கும் தண்ணீர் வற்றிய பிறகு பூசுங்கள், அல்லது உறிஞ்சலைக் குறைக்கும் ப்ரைமர் அடியுங்கள். சொட்டச் சொட்ட நனைந்த சுவரும் ஆகாது.

முதுகில் மணலும் பழைய சுண்ணாம்பும் சேர்ந்து வந்திருந்தால் ஜிப்சம் நன்றாகவே ஒட்டியிருக்கிறது, அதைத் தாங்கிய அடிப்பூச்சுதான் செத்துவிட்டது. அடிவரைக்கும் தட்டி எடுக்காமல் மேலே ஒட்டுப்போடுவதில் பயனில்லை.

முதுகு ஈரமாக இருந்தால்தான் சிக்கல் பெரிது. ஓதம் ஏறும் சுவராக இருக்கலாம், அல்லது கீழே உள்ள சிமென்ட் பூச்சு காய்வதற்கு முன்னாலேயே ஜிப்சம் ஏறியிருக்கலாம். ஈரம் இருக்கும்வரை ஜிப்சத்தின் சல்பேட்டும் சிமென்டின் அலுமினேட்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகத்தை உண்டாக்கும், அதற்கு இடம் அதிகம் வேண்டும், அந்த நெருக்கடியில் இரண்டு பூச்சுக்கும் நடுவில் பிளவு விடும். காய்ந்த சிமென்ட் பூச்சின்மேல் பூசினால் இந்தத் தொல்லை வராது, காரணம் இந்த வினைக்கு ஈரம் வேண்டும். வலிமைக்காக பிஓபியில் ஒரு கரண்டி சிமென்ட் போடுகிற வழக்கத்தைப் பற்றி என் கருத்தும் இதிலேயே தெரிந்திருக்கும். சிமென்ட் ஆலையில் ஜிப்சம் சேர்க்கிறார்களே என்று கேட்பார்கள். ஆமாம், சேர்க்கிறார்கள், எடையில் ஐந்து சதவீதத்தை ஒட்டி, சிமென்ட் சட்டென்று இறுகாமலிருக்க, அதுவும் அளந்து. அந்த அளவுக்கும் நாம் பக்கெட்டில் குத்துமதிப்பாகப் போடுவதற்கும் சம்பந்தமில்லை.

விழாமல் காலிச் சத்தம் மட்டும் கேட்டால், தட்டிக்கொண்டே போய் பென்சிலால் எல்லையை வரையுங்கள். சுவரில் உள்ளங்கை அளவுதான், அமுக்கினால் அசையவில்லை என்றால் விட்டுவிடலாம். பெரிதென்றால் எல்லையில் கத்தியால் கீறிவிட்டு வெட்டியெடுங்கள், கீறாமல் தட்டினால் நல்ல பகுதியும் கூடவே வரும். மேற்கூரையில் காலிச் சத்தம் கேட்டால் அளவைப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள், தலைக்குமேல் இருப்பதோடு பேரம் பேசக்கூடாது. அங்கே பூச்சு மெல்லியதாக இருப்பதே நல்லது. மட்டம் வரவில்லையென்று ஒரே வீச்சில் 20 மில்லிமீட்டர் ஏற்றினால் அதன் எடையே அதை இறக்கிவிடும்.

தொட்டால் மாவாக வருகிறது

விரலில் வெள்ளை ஒட்டுவது மேல்தூசியா, உள்ளேயும் அப்படித்தானா என்று ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மேலே மட்டும் என்றால், இறுகிய பிறகும் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்திருப்பார்கள், அந்த மேல்தோல் செத்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ப்ரைமர் அடித்தால் போதும். உள்வரை மாவு என்றால் கலவையில் தண்ணீர் கூடியிருக்க வேண்டும், அல்லது இறுக ஆரம்பித்ததைக் கிளறிப் பூசியிருக்க வேண்டும். அதற்கு வைத்தியம் இல்லை, எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான்.

இன்னொரு வகை இருக்கிறது. பூசிய அன்றே சூடான காற்று அல்லது நேர் வெயில் பட்டு, இறுகி முடிவதற்குள் தண்ணீர் ஆவியாகிப்போன பூச்சு. அதற்குள் இன்னும் பசியோடு பிஓபி மிச்சமிருக்கிறது, அதனால் ஓரிரு நாளுக்குள் கண்டுபிடித்தால் பூவாளியில் மெல்லத் தெளித்து அதை மறுபடி இறுக வைக்க வாய்ப்பு உண்டு. சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர் வைப்பவர்களுக்கு: 45 டிகிரிக்கு மேல் போனால் ஏற்கெனவே இறுகிய படிகமே தண்ணீரைக் கக்க ஆரம்பிக்கும், நீங்கள் சுவரிலேயே பிஓபி சுட்டுக்கொண்டிருப்பீர்கள். இறுகும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், இறுகிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சிமென்டுக்குச் செய்வதுபோல் நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றி க்யூரிங் செய்வது இதற்குத் தேவையே இல்லை, செய்தால் காயும் நாள் தள்ளிப்போவதுதான் மிச்சம்.

விரிசல்

எந்தப் பக்கமும் போகாமல் வலைபோல் பரவிய முடி விரிசல் என்றால் பூச்சின் பிரச்சினை: கலவை நீர்த்திருக்கும், அல்லது மேற்பரப்பு அவசரமாகக் காய்ந்திருக்கும். பட்டி பார்த்து மூடிவிடலாம். தூணும் கல்சுவரும் சேருமிடத்தில் கோடு போட்டதுபோல் நேராக வந்தால் குற்றம் பூச்சுடையது இல்லை. இரண்டும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வேறுவேறு அளவில் அசைகின்றன, நடுவில் மாட்டிய மெல்லிய பூச்சு கிழிகிறது. வயர் இழுக்கக் காடியெடுத்து மூடிய இடத்திலும் அப்படித்தான். அங்கே பட்டியை மட்டும் தேய்த்தால் அடுத்த பருவத்தில் அதே கோடு அதே இடத்தில் வரும். இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவுக்குப் பூச்சை எடுத்து, ஃபைபர் வலையைப் பதித்துப் பூசுங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், சுவரின் மறுபக்கமும் தெரியும் விரிசல், மாதத்துக்கு மாதம் அகலும் விரிசல், இவை கட்டடத்தின் விவகாரம். இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் பூச்சு வேலை செய்பவரை விட்டுவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கறைகள்

பழுப்பு நிறப் புள்ளி உள்ளே இரும்பு இருப்பதைக் காட்டுகிறது. சிமென்டின் கடும் காரத்தன்மை இரும்பைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றும், ஜிப்சத்துக்கு அந்தக் குணம் கிடையாது. ஈரமாக இருக்கும் நாட்களிலேயே ஆணி துருப்பிடித்துவிடும். ஆணியைப் பிடுங்கிவிடுங்கள், அல்லது சுரண்டித் துரு தடுக்கும் பெயிண்ட் அடித்து மூடுங்கள். அடுத்த தடவை வலையும் ஆணியும் ஸ்க்ரூவும் துத்தநாகம் பூசியதாகவே வாங்குங்கள்.

வெள்ளையாகப் பஞ்சுபோல் பூப்பது உப்பு. சுவருக்குள் இருந்த உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து வெளியே விட்டுவிட்டு ஆவியாகிறது. காய்ந்த துடைப்பத்தால் தட்டியெடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். புதுப் பூச்சில் ஒருமுறை பூத்து நின்றுவிட்டால் பயமில்லை. திரும்பத் திரும்பப் பூத்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் பெயிண்ட் அடிப்பது பணத்துக்குக் கேடு.

கறுப்புப் புள்ளி பூஞ்சை. ஜிப்சம் போர்டில் இது அதிகம் வருவதற்குக் காரணம் மேலே ஒட்டிய காகிதம், பூஞ்சைக்கு அது சாப்பாடு. மேலோட்டமாக இருந்தால் துடைத்துவிடலாம், காகிதம் ஊறி உப்பியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி மாற்றுவதுதான் சரி.

பொதுவாக ஒன்று: இறுகிய ஜிப்சம்கூட ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு மேல் கரையும். கேட்க அற்பமாக இருக்கும், மழை படும் வெளிச்சுவரிலோ குளியலறையிலோ நாளாக ஆகக் கரைந்து கரைந்து போய்விடும். அங்கெல்லாம் சிமென்ட் பூச்சுதான்.

பெயிண்ட் உரிகிறது, கொப்பளிக்கிறது

காயாத பூச்சின்மேல் அடித்தது முதல் காரணம். மேலே வெள்ளையாகத் தெரிவதை நம்பாதீர்கள், ஈரப் பூச்சு சற்றுச் சாம்பல் கலந்து திட்டுத் திட்டாக இருக்கும், அந்தத் திட்டுகள் எல்லாம் ஒரே நிறத்துக்கு வரட்டும். ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விட்டுப் பாருங்கள், காலையில் உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அடுத்த காரணம் தேய்த்த தூசியைத் துடைக்காமல் அடிப்பது, அல்லது ப்ரைமரைத் தவிர்ப்பது. புது ஜிப்சம் பெயிண்டின் தண்ணீரை உடனே இழுத்துவிடும், பெயிண்ட் மேலேயே தோலாகக் காய்ந்து தாள் உரிவதுபோல் வரும்.

போர்டு மூட்டில் விரிசல், ஸ்க்ரூ தலை துருத்துகிறது

மூட்டில் டேப் இல்லாமல் வெறும் பட்டி அடைத்திருந்தால் விரிசல் விட்டே தீரும். காகித டேப்பை ஈரப் பட்டிக்குள் பதித்து, மேலே ஒவ்வொரு கையும், அதாவது ஒவ்வொரு பூச்சும், காய்ந்த பிறகு அடுத்தது என்று அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். ஒட்டும் ஃபைபர் டேப் வேலைக்குச் சுலபம், ஆனால் அதற்கு முதல் கை இறுகும் வகைப் பட்டியாக இருக்க வேண்டும், காய்ந்து சுருங்கும் ரெடிமேட் பட்டியைப் போட்டால் மூட்டு பலவீனமாகத்தான் இருக்கும்.

ஸ்க்ரூ தலை வெளியே வந்தால் அதையே மறுபடி முறுக்காதீர்கள், காகிதம் கிழிந்திருக்கும், பிடி இருக்காது. போர்டைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்து, இரண்டு அங்குலம் தள்ளிப் புது ஸ்க்ரூ போட்டு, பழையதைக் கழற்றிவிட்டு மூடுங்கள். தலை காகிதத்துக்குச் சற்றே உள்ளே இறங்க வேண்டும், காகிதத்தைக் கிழிக்கக்கூடாது. போர்டின் அடிப்பகுதி மட்டும் ஊறியிருந்தால் அதைத் தரையில் முட்டும்படி நிறுத்தியிருப்பார்கள். 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் தரை கழுவும் தண்ணீரை அது உறிஞ்சியிருக்காது.

அச்சில் வார்த்ததில் ஓட்டை, அல்லது அச்சோடு ஒட்டிக்கொள்கிறது

ஓட்டைகள் காற்றுக் குமிழிகள். கரண்டியைக் கலவைக்குள்ளேயே வைத்துக் கிளறுங்கள், மேலே தூக்கி அடித்தால் காற்று உள்ளே போகும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சைத் தூரிகையால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தடவிவிட்டு, பிறகு ஒரே ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றி, மேசையைத் தட்டுங்கள். ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், ஜிப்சம் இறுகும்போது சிமென்ட்போல் சுருங்காமல் ஒரு துளி விரிகிறது. நுணுக்கமான வேலைப்பாடு அப்படியே பதிவதும் அந்த விரிவினால்தான், கெட்டியான அச்சில் மாட்டிக்கொள்வதும் அதனால்தான். சோப்புக் கரைசல் அல்லது மெல்லிய எண்ணெய் தடவுங்கள், சூடு வந்து தணிந்த பிறகு எடுங்கள்.

கையை அச்செடுக்கிறேன் என்று குழந்தைகளைப் பெரிய பாத்திரத்துப் பிஓபிக்குள் கையை வைக்கச் சொல்லாதீர்கள். மொத்தமாக இறுகும்போது 60 டிகிரி வரை சூடேறும், அதற்குள் கையை வெளியே எடுக்கவும் முடியாது. விரல்களையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். தோலில் அச்செடுக்க அல்ஜினேட் என்ற வேறு பொடி இருக்கிறது, பிஓபியைப் பிறகு அந்த அச்சுக்குள் ஊற்றிக்கொள்ளலாம்.

சிங்க் அடைத்துக்கொண்டது

ஜிப்சம் தண்ணீருக்கு அடியிலும் இறுகும், நிறையத் தண்ணீர் விட்டால் போய்விடும் என்பது தப்புக் கணக்கு. குழாய் வளைவில் படிந்து கல்லாகிவிடும், அடைப்பு நீக்கும் ரசாயனங்கள் எண்ணெயையும் முடியையும் கரைக்குமே தவிர இதைக் கரைக்காது. வளைவைக் கழற்றித் தட்டி எடுப்பதுதான் வழி, கழற்ற முடியாத இடமென்றால் அந்தத் துண்டுக் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும். கரண்டியையும் கையையும் ஒரு பக்கெட்டில் கழுவி, ஒரு இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டு, அடியில் நின்ற வண்டலைக் காய்ந்த கழிவோடு சேருங்கள். சமையல் கழிவோடு கலக்க வேண்டாம், ஈரமும் அழுகலும் சேர்ந்தால் காற்றில்லாத இடத்தில் கிருமிகள் இந்தச் சல்பேட்டிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும்.